அக்கரைப் பள்ளிக்கூடம், தோளில் கேமரா: வாசகர் கேள்வி – பதில்

நெல்லை, தென்காசி பக்கத்திலிருந்து வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு வேலைக்குக் கிளம்பும் இளம் ஆசிரியர்களும் அவர்கள் வீட்டாரும் எழுதிய கடிதங்கள் இவை. பெரும்பாலான கடிதங்களில் வேலையோடு சேர்த்து கேமராவைப் பற்றியும் ஒரு கேள்வி இருந்தது. அதனால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறோம்.

மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி. இயற்பியலும், அடுத்து பி.எட்.டும் முடித்திருக்கிறேன். துபாயில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. சான்றிதழ்களை ‘அட்டஸ்ட்’ செய்து கொண்டு வரச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? – வாசகர், பாளையங்கோட்டை

எந்த அலுவலகத்துக்கும் ஓடுவதற்கு முன்னால் எல்லாச் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டையும் தரையில் வரிசையாக வைத்துப் பெயரை மட்டும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு முதல் சிக்கல் இன்ஷியலில்தான் வரும். பத்தாம் வகுப்பில் ‘எஸ். ஆறுமுகம்’, பட்டத்தில் ‘ஆறுமுகம் எஸ்.’, பாஸ்போர்ட்டில் ‘ஆறுமுகம் சுடலைமுத்து’ என்று இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். அங்கே கணினியில் பதிகிறவருக்கு மூன்று பேர். இன்ஷியலும் விரிவும் மட்டும்தான் வேறுபாடு என்றால், இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் எடுத்த உறுதிமொழிப் பத்திரம் பெரும்பாலும் போதும். அதைப் பள்ளி ஏற்குமா என்று முதலிலேயே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தே பிழையாக இருந்தால் பத்திரம் உதவாது. சான்றிதழ் கொடுத்த இடத்திலேயே திருத்தி வாங்க வேண்டும். அதற்கு மாதக்கணக்காகும்.

அடுத்தது, புரொவிஷனல் சான்றிதழை நம்பிக் கிளம்பாதீர்கள். பட்டமளிப்புச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். உங்கள் பட்டம் அபிஷேகப்பட்டியில் உள்ள பல்கலைக்கழகத்தினுடையது. பி.எட். 2008-இல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தினுடையது. உண்மைத்தன்மை விசாரணை இரண்டு இடத்துக்கும் தனித்தனியாகப் போகும் என்பதால் இரண்டையும் ஒரே நாளில் தொடங்கிவிடுங்கள். ஒன்று முடியட்டும் என்று மற்றதை நிறுத்தி வைத்தால் காலம் இரட்டிப்பாகும்.

வரிசை இதுதான்: மாநில அரசின் சான்று, இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் சான்று, அமீரகத் தூதரகம், கடைசியாக அமீரக வெளியுறவு அமைச்சகம். ஒரு படியைத் தாண்டி அடுத்த படிக்குப் போக முடியாது. ஓமன், பஹ்ரைன், சவுதி அரேபியா மூன்றும் அப்போஸ்டில் உடன்படிக்கையில், அதாவது ஒரே சான்றோடு அடுத்த நாட்டு ஆவணத்தை ஏற்கும் ஏற்பாட்டில், உள்ள நாடுகள். அங்கே போகிறவர்களுக்குத் தூதரகப் படி கிடையாது. வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் ஒட்டுச்சீட்டே போதும்.

சான்றிதழை லேமினேட் செய்திருந்தால் இப்போதே அதற்கு வழி பாருங்கள். பிளாஸ்டிக்கின் மேல் முத்திரை பிடிக்காது, வாங்கவே மாட்டார்கள். வீட்டில் இஸ்திரிப் பெட்டி வைத்துப் பிரிக்கப் பார்த்தால் அச்சு உரிந்து வரும். தெரிந்த ஆளிடம் கொடுங்கள். முடியாவிட்டால் நகல் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்.

காவல்துறை நன்னடத்தைச் சான்றைக் கடைசியில் எடுங்கள். சில மாதங்களுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று பள்ளிகள் கேட்பதால், முந்தி எடுத்தால் திரும்ப எடுக்க வேண்டிவரும். விண்ணப்பம் பாஸ்போர்ட் சேவா வழியாகத்தான். அமீரகத்தில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்குகின்றன. ஆள் எடுப்பது தை, மாசியில் சூடுபிடிக்கும். வேலை உறுதியான பிறகு சான்றிதழ் வேலையைத் தொடங்குகிறவர்களுக்கு இடம் கைநழுவிப் போவது இதனால்தான்.

என் மகளுக்கு மாலத்தீவில் ஒரு தீவுப் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை என்கிறார்கள். ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கன மாத்திக்கிடலாம்ங்கிறார். பிள்ளை தனியா எப்படி இருக்குமோன்னு மனசு கிடந்து அடிச்சுக்கிடுது. சாப்பாட்டுக்கு என்ன கொடுத்து விட? சாமி சிலை, படம் வைக்கலாமா? – ஒரு தாய், கடையநல்லூர்

அம்மா, முதல் இரண்டும்தான் பெரிய விஷயம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். ஒன்றரை லட்சம் கேட்கிறவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். இ-மைக்ரேட் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். எண் சொல்ல மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-இலிருந்து இயங்குகிறது. அங்கேயும் விசாரிக்கலாம்.

டூரிஸ்ட் விசாவில் போகவே கூடாது. இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா மாலேயில் இறங்கியதும் கிடைத்துவிடுவதால்தான் இப்படிக் குறுக்குவழி சொல்கிறார்கள். வேலைக்குப் போகிறவருக்கு, ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வேலை தருகிறவர் அந்நாட்டு அனுமதியை வாங்கி அனுப்பியிருக்க வேண்டும். அந்தத் தாளில் மகளின் பெயர், பாஸ்போர்ட் எண், வேலையின் பெயர் மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒப்பந்தத்தில் சம்பளம் எந்தப் பணத்தில் என்று கேட்கச் சொல்லுங்கள். மாலத்தீவுப் பணமான ருஃபியாவில் சம்பளம் வந்தால், ஊருக்கு அனுப்ப டாலராக மாற்ற வேண்டும். ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா என்பது வங்கிக் கணக்கு; அந்த விலையில் கேட்கும் அளவுக்கு டாலர் கிடைப்பதில்லை. வெளியில் வாங்கினால் விலை கூடும், சம்பளத்தில் ஒரு பகுதி அதிலேயே கரையும். மாதம் எவ்வளவு டாலராகத் தருவார்கள், தங்குமிடம் யார் பொறுப்பு, மின்சாரம், தண்ணீர்க் கட்டணம் யாருடையது, விடுமுறைக்கு விமான டிக்கெட் உண்டா, இவை எழுத்தில் வேண்டும்.

சாமி சிலை வேண்டாம். வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுவருவது அந்நாட்டில் தடை. பன்றி இறைச்சிப் பொருட்களும் மதுவும் அப்படியே. சுங்கத்தில் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள், முதல் நாளே பிள்ளைக்கு மனவேதனை. படத்தையும் பெட்டியில் வைக்காதீர்கள்.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீர்கள். அரிசி, சூரைமீன், தேங்காய் அங்கே அன்றாடம். முருங்கைக்கீரையும் உண்டு. தேங்காய்ப்பால் இருக்கும்போது சொதி வைக்கத் தடையில்லை. காய்கறி கப்பலில் வருவதால் கடல் கொந்தளிக்கும் நாட்களில் கடை காலியாக இருக்கும். அதற்குத்தான் கைவசம் வேண்டும். இட்லிப் பொடி, புளி, அப்பளம், வறுத்து அரைத்த சாம்பார் பொடி, இரண்டு கிலோ பருப்பு. உள்நாட்டு விமானத்தில் எடை வரம்பு குறைவு, பல விமானங்களில் கைப்பைக்கு 5 கிலோதான் என்பதால் அதற்கு மேல் மூட்டை கட்டாதீர்கள். வார விடுமுறை வெள்ளி, சனி. நேரம் நம்மைவிட அரைமணி பின்னால்தான், நினைத்தபோது பேசலாம்.

கண்ணாடியில்லா (மிரர்லெஸ்) கேமரா ஒன்று, லென்ஸ் இரண்டு, டிரைபாட் வைத்திருக்கிறேன். மாலத்தீவுக்கு எடுத்துப் போகிறேன். குற்றாலச் சீசனிலேயே ஒரு லென்ஸில் ஃபங்கஸ் வந்துவிட்டது. கடல் நடுவில் எப்படிக் காப்பாற்றுவது? – வாசகர், அம்பாசமுத்திரம்

குற்றாலத்தில் வந்ததற்குக் காரணம் சாரல் மட்டுமல்ல, நனைந்த கேமராவைப் பையோடு மூடி வைத்ததும்தான். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை வேர்விடும். பையின் துணியும் பஞ்சும் ஈரத்தைப் பிடித்து வைத்து அதற்குத் தோதாக இருக்கும். தீவில் ஆண்டு முழுவதும் குற்றாலச் சீசன்தான், கூடவே உப்பு.

காற்றுப் புகாத, ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் பெட்டி 10 லிட்டர் அளவில் ஒன்று, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் 200 கிராம், சிறிய ஈரப்பதமானி ஒன்று. இவ்வளவும் உள்ளூரிலேயே வாங்கிவிடலாம். பெட்டிக்குள் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் வரை இருக்கட்டும். 30-க்குக் கீழே இறங்கினால் ரப்பர் பிடி உலரும், உள்ளே உள்ள மசகும் கெட்டுப்போகும். ஜெல் நிறம் மாறியதும் அகலமான சட்டியில் சிறுதீயில் வறுத்தெடுங்கள், பழைய நிறம் திரும்பும். ஆறிய பிறகுதான் பெட்டிக்குள் போட வேண்டும். சமையல் சட்டியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அரிசி டப்பாவுக்குள் கேமராவைப் புதைப்பது நம் பக்கம் வழக்கமாக இருக்கிறது. அரிசி ஈரத்தைப் பெரிதாக இழுப்பதில்லை. அதன் மாவுத்தூள் பட்டன் இடுக்கில் இறங்கி ஈரத்தோடு பசையாகிவிடும்.

மாதம் ஒருமுறை லென்ஸை இருட்டில் பிடித்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போல மெல்லிய கிளைகள் தெரிந்தால் ஃபங்கஸ். தொடக்கத்தில் பிரித்துத் துடைத்தால் போய்விடும். விட்டால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும், பிறகு துடைத்தும் பயனில்லை. ஏற்கெனவே ஃபங்கஸ் வந்த அந்த லென்ஸைச் சுத்தம் செய்யாமல் மற்றதோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் பனி மூடுவது இன்னொரு தொல்லை. வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கும் இது உண்டு. வெளியே 35 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் 28, 29 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் கோர்க்கும். ஏசி அறையில் கிடந்த கேமரா 22 டிகிரியில் இருக்கிறது. அறைக்குள்ளேயே ஜிப் கவரில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடி, அப்படியே வெளியே கொண்டுபோய் அரைமணி முதல் முக்கால் மணி நேரம் வையுங்கள். நீர் கவரின் மேல் கோர்க்கும், கேமராவில் அல்ல. அதுவரை லென்ஸைக் கழற்றாதீர்கள், கார்டையும் எடுக்காதீர்கள். கழற்றினால் ஈரக்காற்று சென்சார் வரை போகும்.

கடற்கரையிலிருந்து திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியால் உடலைத் துடைத்து, பிறகு காய்ந்த துணி. காய்ந்த துணியை முதலில் போட்டால் உப்புப் பரல் கீறும். லென்ஸ் கண்ணாடியில் முதலில் ஊதுபந்து, பிறகுதான் துணி. டிரைபாட் கால்களை நீட்டி நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பு பூட்டு வளையத்துக்குள் நின்றால் சில மாதத்தில் இறுகிவிடும்.

விமானத்தில் தனி பேட்டரிகள் கைப்பையில் மட்டும்தான் போக வேண்டும், முனைகளில் டேப் ஒட்டி. 100 வாட்-ஹவர் வரை தனி அனுமதி வேண்டாம். கணக்கு எளிது: 7.2 வோல்ட், 2130 மில்லி ஆம்பியர்-ஹவர் பேட்டரி 15.3 வாட்-ஹவர்தான். 20,000 எண் போட்ட பவர்பேங்கும், அதன் 3.7 வோல்ட் கணக்கில், 74-தான். மாலத்தீவில் பிளக் மூன்று தட்டைக் கால் கொண்டது, அமீரகத்திலும் இங்கிலாந்திலும் அதுவே. நம் உருண்டைக் கால் பிளக் நுழையாது. ஒரு அடாப்டரும் நம்மூர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றும் போதும்.

கிளம்பும்போது விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் கேமராவையும் லென்ஸையும் காட்டி, சீரியல் எண்களோடு ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். விடுமுறையில் திரும்பும்போது ‘இது வெளிநாட்டில் வாங்கியது, தீர்வை கட்டு’ என்ற பேச்சு வராது. இதைச் செக்-இன் முடிப்பதற்கு முன் செய்ய வேண்டும். திருவனந்தபுரமோ மதுரையோ, வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முந்திப் போய்விடுங்கள்.

துபாயில் தெருவில் படம் எடுத்தால் பிடித்துக்கொள்வார்களா? ரதவீதியில் எடுத்துப் பழகிய கை. – வாசகி, திருநெல்வேலி டவுன்

எடுக்கலாம். ஆனால் ரதவீதிப் பழக்கத்தை அப்படியே கொண்டுபோகக் கூடாது. ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடிக்கிறவர் முகத்தை நெருக்கத்தில் எடுத்தால் அவர் சிரிப்பார். அங்கே தெரியாத ஒருவரை அனுமதியில்லாமல் எடுப்பதும் பரப்புவதும் குற்றமாகலாம். 2021-இல் வந்த 34-ஆம் எண் ஆணைச் சட்டத்தின் 44-ஆவது பிரிவில் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறையும், 1,50,000 முதல் 5,00,000 திர்ஹம் வரை அபராதமும், அல்லது இரண்டில் ஒன்றும் உண்டு. விபத்தில் அடிபட்டவர்களை எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புவதும் இதே பிரிவில்தான் வருகிறது. பெண்கள், குடும்பங்கள், அரண்மனை, ராணுவ இடம், அரசுக் கட்டடம், விமான நிலையப் பாதுகாப்புப் பகுதி பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். கட்டட வடிவம், நிழல், பாலைவனம், தூரத்து உருவம் என்று முதல் ஆண்டில் கையைப் பழக்குங்கள். முகம் வேண்டுமென்றால் கேட்டு எடுங்கள்.

ட்ரோனை முன் அனுமதி இல்லாமல் பெட்டியில் வைக்காதீர்கள். அமீரகம், ஓமன், மாலத்தீவு மூன்றுக்கும் இது பொருந்தும்.

மாணவர்கள் விஷயத்தில் எந்த நாடானாலும் கண்டிப்பாக இருங்கள். சொந்தக் கேமராவிலோ ஃபோனிலோ பிள்ளைகளை எடுக்க வேண்டாம். பள்ளி விழாவுக்கு எடுக்கச் சொன்னால் பள்ளியின் கேமரா, பள்ளியின் கார்டு, வேலை முடிந்ததும் கார்டு அலுவலகத்தில். பெற்றோர் ஒப்புதல் தராத பிள்ளைகளின் பட்டியலை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். நல்லெண்ணத்தில் எடுத்த வகுப்புப் படம் ஒன்றைத் தன் பக்கத்தில் போட்டதற்காகவே வேலை போகக்கூடும்.

ஊரில் கல்யாணங்களுக்குப் படம் எடுத்துச் சம்பாதித்திருக்கிறேன். துபாயில் நம்மாட்கள் நிறைய. வார விடுமுறையில் பிறந்தநாள், வளைகாப்பு எடுக்கலாம்தானே? – வாசகர், வள்ளியூர்

பணம் வாங்கினால் கூடாது. உங்கள் விசா ஆசிரியர் வேலைக்கானது. வேறு வேலைக்கு அமீரகத்தில் பகுதிநேர அனுமதி தனியாக வாங்க வேண்டும். பள்ளியின் ஒப்பந்தமும் அதற்கு இடம் தர வேண்டும். மாட்டினால் அபராதம் மட்டுமல்ல, நாடுகடத்தலும் உண்டு. நண்பர் வீட்டு விசேஷத்தில் விருந்தாளியாக நாலு படம் எடுத்துக் கொடுப்பது வேறு. ஆனால் இன்ஸ்டாகிராமில் ‘புக்கிங்குக்கு அழைக்கவும்’ என்று ஊர் நாளிலிருந்து கிடக்கும் வரியைக் கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள்.

இங்கிலாந்தில் நம் பி.எட். செல்லுமா? – வாசகி, நாங்குநேரி

2023 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் பயிற்சி பெற்றவர்கள் இங்கிலாந்தின் ஆசிரியர் தகுதிநிலைக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். கணிதம், அறிவியல், மொழிப்பாடங்களை 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தகுதி பெற்றவர்களுக்குத்தான் இது. பட்டம், பி.எட்., குறைந்தது ஒரு கல்வியாண்டு அனுபவம் வேண்டும். தகுதிநிலை வேறு, விசா வேறு. விசாவுக்குப் பள்ளி ஸ்பான்சர் செய்ய வேண்டும்.

இங்கிலாந்து வந்து மூன்று மாதம். கூந்தன்குளத்தில் நாரைகளை எடுத்த அதே கேமராதான். இங்கே எல்லாப் படமும் சாம்பல் பூத்தாற்போல, ஆடியும் வருகிறது. கேமரா கெட்டுவிட்டதா? – வாசகர், சங்கரன்கோவிலிலிருந்து போனவர்

கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. சூரியன் மாறியிருக்கிறது. நெல்லையில் மார்கழி உச்சிவேளையிலும் சூரியன் 58 டிகிரி உயரத்தில் நிற்கும். சித்திரை பிறக்கும்போதோ தலைக்கு நேர் மேலே வந்து நிழல் காலடியில் சுருண்டுவிடும். லண்டனில் டிசம்பர் கடைசியில் நண்பகலிலேயே 15 டிகிரிதான். பகல் எட்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஊர் வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, துவாரம் எஃப் 16, ஷட்டர் நொடியில் நூறில் ஒரு பங்கு என்று எடுத்திருப்பீர்கள். அடர்ந்த மேகத்தில் அதில் எட்டில் ஒரு பங்கு வெளிச்சம்தான் இருக்கும். ஊரின் ஐஎஸ்ஓ-விலேயே நின்றால் கேமரா ஷட்டரை மெதுவாக்கும், படம் ஆடும். ஐஎஸ்ஓ 800-க்கு ஏற்றுங்கள், துவாரத்தை எஃப் 5.6-க்குத் திறங்கள். பறவைக்கு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது வேண்டும். மேகம் அடர்ந்த நாளில் அதற்கு 1600 வரை போகத் தயங்காதீர்கள். கொஞ்சம் புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் ‘மேகம்’ என்று வையுங்கள், நீலச் சாயல் குறையும். பனி விழுந்தால் ஒளியளவியை நம்பாதீர்கள். வெண்மையைச் சாம்பலாக்கிக் காட்டுவது அதன் இயல்பு. ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்றுப் பேட்டரி சட்டையின் உள்பையில் இருக்கட்டும்.

அந்தத் தாழ்ந்த சூரியன் ஒரு கொடையும்கூட. நம் ஊரில் காலை எட்டரைக்குள் முடிந்துவிடும் சாய்வெளிச்சம் அங்கே மேகமில்லாத குளிர்கால நாளில் பகல் முழுக்கக் கிடைக்கும். ஜூனில் அந்தி முக்கால் மணி நேரம் நீளும், நெல்லையில் இருபது நிமிடம் சொச்சம்தான். அவசரப்படாமல் எடுக்கலாம்.

வங்கிக் கணக்கை என்ன செய்ய? – வாசகர், களக்காடு

வேலைக்காகக் கிளம்பியதும் ஊர்ச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ-வாக (வெளிநாடுவாழ் இந்தியர் ஊர் வருமானத்துக்கு வைக்கும் கணக்கு) மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள். அப்படியே விட்டுவிடுவது அந்நியச் செலாவணி விதிக்கு மாறானது. சம்பளத்தை அனுப்ப என்ஆர்இ கணக்கு தனியாகத் திறங்கள். வெளிநாட்டில் வசிக்கும்வரை அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. ஏப்ரல் 1-இலிருந்து இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்துவிட்டு வேலைக்குக் கிளம்பினால் அந்த நிதியாண்டிலேயே வருமான வரிக்கு வெளிநாடுவாழ் இந்தியராகக் கருதப்படுவீர்கள்.

புதுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. என் ஆங்கிலம் பிள்ளைகளுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ஒளியியல் பாடத்தை என் ஒளிப்பட ஆர்வத்தோடு சேர்த்து எடுக்க ஒரு வழி சொல்லுங்கள். – வாசகி, மாலத்தீவிலிருந்து

பேச்சு குறைந்து கை வேலை கூடும் பாடமாக எடுங்கள். ஊசித்துளைக் கேமரா அதற்கு நல்லது. 15 செ.மீ. நீளமுள்ள அட்டைப்பெட்டி ஒன்று. உட்புறம் கறுப்பு அடித்து, மூலைகளில் கறுப்பு டேப். ஒரு முனையில் 2 செ.மீ. சதுரம் வெட்டி, கூல்ட்ரிங்ஸ் டின்னில் வெட்டிய தகட்டை ஒட்டுங்கள். சாப்பாடு பொதியும் ஃபாயில் கிழிந்து துளை பிசிறாகும், அதனால் தகடுதான். தகட்டை அட்டை மேல் வைத்து ஊசியைச் சுழற்றிச் சுழற்றி அழுத்தி, பின்பக்கம் எழும் பிசிரை உப்புத்தாளில் தேயுங்கள். வெட்டிய டின் ஓரம் கையைக் கிழிக்கும். தகட்டை நீங்களே வெட்டிக் கொண்டுபோங்கள். மறுமுனையில் பட்டர் பேப்பர் திரை.

துளை எவ்வளவு என்பதில்தான் பாடமே இருக்கிறது. 15 செ.மீ. நீளத்துக்கு மிகத் தெளிவான பிம்பம் 0.5 மி.மீ. துளையில் வரும். ஆனால் அது திரையில் பார்க்க மிகவும் மங்கல். பிள்ளைகள் பார்ப்பதற்கு 1 மி.மீ. வையுங்கள். 3 மி.மீ. வைத்தால் பளிச்சென்று இருக்கும், ஓரமெல்லாம் கரைந்துவிடும். மூன்று பெட்டி செய்து மூன்று துளை போட்டுக் கொடுத்தால், நீங்கள் விளக்குவதற்கு முன்பே அவர்களே சொல்லிவிடுவார்கள். 0.1 மி.மீ. ஆக்கினால் இன்னும் தெளியுமா என்று ஒரு பிள்ளை கேட்கும். தெளியாது, ஒளி ஓரத்தில் வளைந்து பரவிவிடும். அடுத்த பாடத்துக்கு அதுவே வாசல்.

வெளியே நல்ல வெயிலில் நிற்கும் தென்னையைப் பார்க்கச் சொல்லுங்கள், பார்ப்பவர் தலையும் திரையும் கறுப்புத் துணிக்குள். கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடமாவது ஆகும். ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று எல்லோரும் துணியை உதறுவது அந்த ஒரு நிமிடத்துக்குள்தான். சூரியனுக்கு நேரே யாரும் பெட்டியைத் திருப்பக் கூடாது. 12 மீட்டர் தள்ளி நிற்கும் 6 மீட்டர் தென்னை திரையில் 7.5 செ.மீ. உயரத்தில், தலைகீழாகத் தெரியும். அதை முதலில் கணக்குப் போட்டு எழுதிவிட்டு, பிறகு அளவுகோலால் அளந்து பார்க்கட்டும். பட்டர் பேப்பரின் மேலேயே பென்சிலால் வரையவும் சொல்லலாம். அதற்குக் காற்றில் ஆடும் தென்னை சரிப்படாது, பள்ளியின் கொடிக்கம்பத்தைக் காட்டுங்கள்.